'கிவ் அப்' என்னும் ஆங்கிலக் கூட்டுவினையும் 'கைவிடு' என்னும் பெயர்ப்பும்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லொன்று 'அப்', 'அவுட்', 'இன்', 'ஆஃப்' முதலிய சிறுசொற்களுள் ஒன்றனோடு கூடித் தன் தனிப்பொருளின் வேறாய பொருளை உணர்த்தும் வழக்கு மிகுதி. 'கிவ்' என்பது கொடுத்தல். 'அப்' என்பது மேல். ஆயினும் 'கிவ் அப்' என்பது மேலே கொடுத்தல் அன்று. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், பிற நாட்டார்க்குப் பேரிடர் விளைப்பது இவ்வகைச் சேர்க்கையே என்று சுட்டினார். இதற்குப் 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளிவந்த தம் நூலில் வழங்கினார். அப்பெயரைத் தமக்கு உரைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் குறித்தார். ஈண்டு அதனைக் கூட்டுவினை என வழங்குவாம்.

'கிவ் அப்' என்னும் கூட்டுவினைக்கு இக்காலத் தமிழ் எழுத்தில் பெரும்பான்மையாக வழங்கும் பெயர்ப்பு 'கைவிடு' என்பதாகும். புகைப்பழக்கம் கைவிடப்படுகின்றது, போராட்டம் கைவிடப்படுகின்றது, திட்டம், கோரிக்கை, முயற்சி, உரிமை யாவும் கைவிடப்படுகின்றன. ஓராங்கிலச் சொல்லுக்கு ஓர் தமிழ்ச் சொல் என்னும் எளிமை இதனால் கிடைத்தது. கிடைத்த எளிமைக்கு நாம் கொடுத்த விலை யாது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. விடுவது எது, விடுவோன் விரும்பி விட்டனனா, விடப்பட்டது எங்குச் சென்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் தமிழ் வினைகள் தாமே விடை கூறுவன. 'கைவிடு' என ஒன்றையே எங்கும் பெய்யுங்கால் அவ்விடைகள் மறைந்தொழிகின்றன.

1. ஆங்கிலத்தில் இக்கூட்டுவினையின் வரலாறு

இச்சேர்க்கை காணப்படும் பழைய இடங்களுள் ஒன்று பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பு நூல். ஸ்டீபன் மன்னன் ஆக்ஸ்ஃபோர்டில் அவை கூட்டியபோது, சாலிஸ்பரி ஆயர் ராஜரையும், லிங்கன் ஆயர் அலெக்சாந்தரையும், சான்சலர் ராஜரையும் பிடித்துச் சிறையிட்டு, அவர்கள் தம் கோட்டைகளை ஒப்புவிக்குந்துணையும் அடைத்துவைத்த செய்தி அந்நூலில் 1137-ஆம் ஆண்டின்கீழ்க் கூறப்படுகின்றது. நிகழ்ச்சி நடந்தது 1139-இல். ஒப்புவித்தலைக் குறிக்க அங்கு வந்துள்ள சொல்லே 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம்.

இவ்விடத்தில் மூன்று கூறுகள் தெளிவாக உள்ளன. கொடுக்கப்படும் பொருள் ஒன்று உண்டு, அது கோட்டை. கொள்வோன் ஒருவன் உளன், அவன் அரசன். கொடுப்போர் தாமே விரும்பிக் கொடுத்தாரல்லர். சிறைக்கு அஞ்சிக் கொடுத்தனர். எனவே இக்கூட்டுவினை துறவைக் குறித்து வந்ததன்று. வலியார்க்கு மெலியார் தம் கைப்பொருளை ஒப்புவித்தலைக் குறித்து வந்தது. 'கொடு' என்னும் முதனிலை ஆண்டுத் தன் பொருளை இழக்கவில்லை. ஜெர்மன் மொழியிலும் இவ்விரு உறுப்புகளுக்கு நேரான உறுப்புகளால் ஆகிய வினையொன்று விடுதற்பொருளில் வழங்குதலின், இச்சேர்க்கை அம்மொழிக் குடும்பத்தின் இயல்போடு பொருந்தியது எனலாம்.

இன்றைய ஆங்கிலத்தில் இதன் பயன்பாட்டை ஐவகைப்படுத்திக் காணலாம். இடத்தையோ பொருளையோ பிறர்க்கு ஒப்புவித்தல் முதலாவது. முதியவர்க்கு இருக்கையை அளித்தலும், குற்றவாளி தன்னையே காவலரிடம் ஒப்புவித்தலும் இதன்பாற்படும். பதவி, உரிமை, செல்வம் முதலியவற்றை நீத்தல் இரண்டாவது. பழக்கத்தையோ தொழிலையோ நிறுத்துதல் மூன்றாவது. ஒருவர் தேறுவார், திருந்துவார் என்னும் நம்பிக்கையை இழத்தல் நான்காவது. இப்பொருளில் 'ஆன்' என்னும் இன்னொரு சிறுசொல்லும் உடன்சேர்ந்து 'கிவ் அப் ஆன்' எனப் பெரிதும் வரும். எதனை என்னும் வினாவிற்கு இடமின்றி, முயற்சியில் தளர்ந்து ஓய்தல் ஐந்தாவது.

சொற்கிடக்கை முறையும் நோக்கத்தக்கது. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் 'அப்' என்பதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயராயின் இடையில்தான் வருதல் வேண்டும்; 'கிவ் இட் அப்' என்பதே வழக்கு, 'கிவ் அப் இட்' என்பது வழுவாம். தொழிலை நிறுத்துதற்கண் 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என 'இங்' ஈற்றுத் தொழிற்பெயரே வரும். 'டு' சேர்ந்த எச்சம் வாராது.

இவ்வைந்தனையும் நிரலாக வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதல்வகையில் கொள்வோன் உளன். இரண்டாவதில் அவன் மங்குகின்றான். மூன்றாவதில் அவன் இல்லை. புகைத்தலை விட்டவன் அதனை எவர்க்கும் கொடுத்திலன். ஐந்தாவதில் விடப்படும் பொருளும் இல்லை. கொடுத்தலைக் குறித்த சொல், கொள்வோனை இழந்து, பின்னர்க் கொடைப்பொருளையும் இழந்து, கொடுத்தவனின் தளர்ச்சி ஒன்றனையே குறித்து நிற்கின்றது. பொருள் இவ்வளவு மாறியும் வடிவம் மாறாமையால், எவ்விடத்தில் எப்பொருள் என்பதை ஆங்கிலம் படிப்போன் சூழல் கொண்டே உணர்கின்றான். அச்சூழலை நோக்காது சொல்லை மட்டும் நோக்குவோன் பெயர்ப்பில் இடர்ப்படுவான்.

2. தமிழில் விடுதற்பொருட் சொற்கள்

தமிழில் இப்பொருட்பரப்பு ஒரு வினையின் ஆட்சியில் இல்லை. விடு, நீங்கு, நீ, துற, தீர், ஒழி, கைவிடு, ஒப்புவி, விட்டுக்கொடு எனப் பல சொற்கள் அதனைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. தீர்தல், தீர்த்தல் என்னும் இரண்டும் விடுதற்பொருள் தருவன எனத் தொல்காப்பியர் உரியியலுள் விதந்து கூறினார்.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். 'துறவு' என்னும் அதிகாரம் முழுவதும் 'கிவ் அப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இரண்டாம் வகைக்கு உரிய பொருளைப் பேசுவது. ஆண்டு நீங்குதல், துறத்தல், விடுதல், அறுத்தல் என்னும் வினைகள் பயில்கின்றன. பத்துக் குறளுள் ஒன்றிலேனும் 'கைவிடு' என்பது இல்லை. அவ்வினை வேறிடங்களில் வருகின்றது. நட்பாராய்தலில், கேடு வந்த காலத்து நண்பனை விட்டகல்வாரைக் குறிக்க அச்சொல் வந்தது (799). பெரியாரைத் துணைக்கோடலில், நல்லாரது தொடர்பை விடுதலால் வரும் பெருந்தீமையைக் கூறுமிடத்து வந்தது (450). இரண்டிடத்தும் விடப்பட்டது மக்களுறவு. இரண்டிடத்தும் விடுதல் பழிக்கப்படுகின்றது. பற்றை விடுதல் துறவு. பற்றியிருந்தாரை விடுதல் கைவிடல். முன்னது அறம், பின்னது குற்றம். இவ்வேறுபாட்டை வள்ளுவர் விளக்கவுரையால் கூறவில்லை, சொல்லாட்சியாலேயே காட்டினார்.

எடுத்த வினையை முடியாது விடுதற்கு அவர் ஆண்ட சொல் பிறிதொன்று. ஆள்வினையுடைமையில், வினையைக் குறையாக விட்டாரை உலகமும் விடும் என்னுமிடத்து (612), இருவர் செயலுக்கும் 'தீர்' என்னும் ஒரே வினை வந்துள்ளது. அதற்கு முற்பட்ட குறளில் (611), செய்தற்கு அரியது என்று உளந்தளர்தலை 'அசாவுதல்' என்னும் சொல்லால் குறித்து, அது வேண்டா என்றார். ஆங்கிலம் இவ்விரண்டையும் 'கிவ் அப்' என ஒன்றாகவே கூறும். உளம் தளர்வது ஒன்று, வினையை விடுவது மற்றொன்று என்பதும், முன்னது பின்னதற்குக் காரணமாம் என்பதும் குறள் வைப்புமுறையில் தெளிவாகின்றன.

உயிரைப் பற்றிய வழக்கும் இவ்வாறே. உயிர் விடுதல் பொது. உயிர் நீத்தல் மானத்தோடு வரும். மயிர் நீப்பின் வாழாத கவரிமாவைக் கூறும் குறளில் (969) 'நீ' என்னும் வினையே ஆளப்பட்டது. உயிர் கொடுத்தல் பிறர்பொருட்டாவது. உயிரைக் கைவிடுதல் என எவரும் கூறார். 

3. விவிலியப் பெயர்ப்புக் காட்டும் சான்று

பெயர்ப்புத்துறையில் இவ்வேறுபாட்டைப் போற்றிய சான்று ஒன்றனை விவிலியத்திற் காணலாம். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம், இயேசுவின் இறப்பை மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய மூவர் நூலிலும் 'கிவ் அப்' என்னும் கூட்டுவினையாலேயே குறிக்கின்றது. கிரேக்க மூலத்திலோ அவை ஒன்றல்ல. மாற்கும் லூக்காவும் மூச்சு அடங்குதலைக் குறிக்கும் வினையை ஆண்டனர். யோவான் ஒருவர் கையில் ஒப்புவித்தலைக் குறிக்கும் வினையை ஆண்டார். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு மறைந்தது. சீர்திருத்தத் திருச்சபையார் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் விவிலியத்தில் அது மறையவில்லை. முன்னிரண்டிலும் 'விடு' என்னும் வினையும், யோவானில் 'ஒப்புக்கொடு' என்னும் வினையும் அமைந்துள்ளன.

மாற்கின் பதினைந்தாம் அதிகாரம் இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. அதன் 34-ஆம் வசனத்தில், இறைவன் தம்மை அகன்றமை பற்றி எழுந்த கூக்குரலில் 'கைவிடு' என்னும் சொல் வந்துள்ளது. மூன்று வசனம் கடந்து, 37-இல், உயிர் பிரிந்தமை கூறுமிடத்துக் 'கை' என்னும் முன்னுறுப்பின்றி 'விடு' என்னும் சொல் நிற்கின்றது. துணையென நம்பியவரை அகல்வது கைவிடல். உயிர் பிரிவது விடல். பெயர்த்தோர் மூலத்தைப் பின்பற்றினர் என்பது உண்மையே. ஆயினும் மூலம் வேறுபடுத்தியதைத் தாமும் வேறுபடுத்தற்குரிய சொற்களைத் தமிழிற் கண்டெடுத்தமை அவர்தம் திறன்.

4. விடுவோன் உளக்குறிப்பு

'அப்' என்னும் சிறுசொல் மேல் என்னும் இடப்பொருளை இழந்து, முற்றுப்பெறுதல் என்னும் பொருளில் பலவிடத்து வரும். உண்ணுதல், பருகுதல், கிழித்தல் ஆகிய ஆங்கில வினைகளோடு அது சேருங்கால் எஞ்சாமை தோன்றும். தமிழில் இப்பணியைச் செய்வன துணைவினைகள். உண்டுவிட்டான், குடித்துவிட்டான், கிழித்துவிட்டான் என வருதல் காண்க. ஆயின் தமிழ் இங்கும் ஒருபடி மேற்செல்கின்றது. 'விடு' என்னும் துணைவினையின் அருகே 'போ' என்னும் துணைவினையும் உண்டு. விரும்பிச் செய்தற்கண் 'விடு' வரும். தன்வயமின்றி நிகழ்தற்கண் 'போ' வரும். 'நம்பிக்கையை விட்டுவிட்டான்' என்பதில் அவன் செயல் உண்டு. 'நம்பிக்கை அற்றுப்போயிற்று' என்பதில் அவன் செயல் இல்லை. 'முயற்சியை விட்டுவிட்டான்' என்பது முடிவு. 'சோர்ந்துபோனான்' என்பது நிலை. ஆங்கிலத்து ஐந்தாம் வகைக்குப் பெரும்பாலும் பொருந்துவது பின்னதே. அதனைக் 'கைவிட்டான்' எனப் பெயர்ப்பின், தளர்ந்தவனைத் துரோகியாகக் காட்டிய குற்றம் நேரும். எதனைக் கைவிட்டான் என்னும் வினாவும் விடையின்றி நிற்கும்.

'அப்' வரும் இடத்தில் தமிழ் பலகால் 'கை' என்பதனை வைக்கின்றது. அதுவும் ஒருவகையினது அன்று. நோயாளி பிழைப்பான் என்னும் நம்பிக்கை மருத்துவர்க்கு இல்லையாயின், 'மருத்துவர் கைவிரித்துவிட்டனர்' என்பது வழக்கு. பொறுப்பை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பாரைக் 'கைகழுவிவிட்டார்' என்பர். கைவிரித்தல் இயலாமை, கைகழுவுதல் பொறுப்பின்மை, கைவிடுதல் நம்பினாரை அகல்தல். ஆங்கிலத்து நான்காம் வகை ஒன்றற்கே தமிழில் இம்மூன்றும் உள. எது பொருந்தும் என்பதை மூலத்திலுள்ள மாந்தரின் உளக்குறிப்பு அறிந்தே துணிதல் வேண்டும்.

'விட்டுக்கொடு' என்பது இன்னும் வியப்புக்குரியது. 'கிவ்' என்பதற்கு நேரான 'கொடு' இதில் உண்டு. ஆங்கிலத்தில் மறைந்துபோன கொள்வோன் இதில் மறையாது நிற்கின்றான். விடுதல் முன்னும் கொடுத்தல் பின்னுமாகச் செயல்முறையும் தோன்றுகின்றது. இருக்கையை விட்டுக்கொடுத்தல், வழக்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தல் என்பன பெருந்தன்மையின் பாற்படும். ஆயின் 'நண்பனைப் பிறர் முன்னிலையில் விட்டுக்கொடுத்துப் பேசினான்' என்னுமிடத்து அதே வினை பழியாகின்றது. பொருளை விட்டுக்கொடுத்தல் உயர்வு. ஆளை விட்டுக்கொடுத்தல் தாழ்வு. விடப்படுவது உயர்திணையா அஃறிணையா என்பது கொண்டு வினையின் அறநிலை மாறுதல் இங்கும் காணப்படுகின்றது.

5. ஒரு தடையும் விடையும்

'வழக்காற்றில் ஊன்றிவிட்டதை மறுத்துப் பயன் என்? கைவிடு என்பது பொருள்மேலும் வழங்குகின்றதே' என்று ஒரு சாரார் வினவலாம். பொருள்மேல் அது வருதலை யாம் மறுப்பாரல்லேம். திட்டம் கைவிடப்பட்டது என்பதில் பெருங்கேடு ஒன்றும் இல்லை; திட்டம் வருந்துவதில்லை. ஆயினும் வழக்காறு என்பது எழுத்து வழக்கு மட்டும் அன்று. பேச்சில் 'குடியை விட்டான்' என்பாரே பலர். 'குடியைக் கைவிட்டான்' என்பது எழுதுவோர் நடை. 'வேலையை விட்டுவிட்டான்', 'படிப்பை நிறுத்திவிட்டான்' என்பனவும் பேச்சு வழக்கே. மக்கள் வாயில் வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்க, ஏட்டில் அது தேய்கின்றது.

அத்தேய்வு சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. 'தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டனர்' என்னும் தொடரைப் படிப்போன், கேட்டது கிடைத்து முடித்துக்கொண்டனரா, உடன்பாட்டால் நிறுத்திக்கொண்டனரா, பசியால் தளர்ந்து மீண்டனரா என்பதை அறியான். வரலாறு எழுதுவார்க்கு இவை மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். 'கைவிடப்பட்டது' எனச் செயப்பாட்டுவினையாக்கின், விட்டவர் யார் என்பதும் மறைகின்றது.

இதனினும் கடுமையானது ஒன்றுண்டு. வளர்க்க இயலாத நிலையில் தான் பெற்ற மகவை முறைப்படி பிறர்பால் ஒப்படைக்கும் தாயைக் குறிக்கவும் ஆங்கிலம் 'கிவ் அப்' என்னும் சொல்லையே ஆள்கின்றது. இது முதல்வகைப் பொருள், கொள்வோர் உளர். இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தை வேறு, தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட உடல், உள, சமூகக் காரணங்களால் பெற்றோர் ஒப்படைத்த குழந்தை வேறு எனத் தனித்தனி இலக்கணம் வகுத்துள்ளது. சட்டம் பிரித்ததைப் பெயர்ப்பாளன் ஒன்றாக்கி, அத்தாயைக் 'குழந்தையைக் கைவிட்டவள்' என எழுதுவானாயின், அவள் செய்யாத குற்றத்தை அவள்மேல் ஏற்றியவனாகின்றான். அம்மகவும் வளர்ந்து அத்தொடரைப் படிக்கக்கூடும். 'ஒப்படைத்தாள்' என்னும் சொல் தமிழில் இல்லாதது அன்று. தேடுவார் இன்மையே குறை.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கொள்வோன் உளனாயின் ஒப்புவி, ஒப்படை, விட்டுக்கொடு என்பனவற்றுள் ஏற்றது கொள்ளப்படும். பற்றும் பதவியும் உரிமையும் ஆயின் துற, நீங்கு, விடு என்பன பொருந்தும். பழக்கமும் தொழிலும் ஆயின் விடு, நிறுத்து என்பன அமையும். நம்பிக்கை இழப்பாயின் இயலாமையோ பொறுப்பின்மையோ என ஆராய்ந்து கைவிரி, கைகழுவு என்பனவற்றுள் ஒன்று வரும். செயப்படுபொருள் இன்றேல் தளர், சோர்ந்துபோ என்பன வரும். நம்பியிருந்த உயிரை அதன் துன்பக்காலத்தில் அகன்றமைக்கே 'கைவிடு' என்பது உரியதாகும்.

ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்போர் இத்தகைய கூட்டுவினைகட்குப் பொருள் நிரலை மட்டும் அடுக்குதல் போதாது. விடுவோன், விடப்படுவது, கொள்வோன் என்னும் மூன்றும் எவ்வாறு அமையுமிடத்து எச்சொல் வரும் என்பதையும் எடுத்துக்காட்டோடு குறித்தல் வேண்டும். 'கிவ் இன்', 'கிவ் அவே', 'கிவ் அவுட்' முதலிய பிற கூட்டுவினைகளையும் இம்முறையில் ஆராய்தற்கு இடமுண்டு. முதுகலை மாணவர் இதனை மேற்கொள்வாராயின் பயன் பெரிது. ஆங்கிலத்தின் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள முயலுங்கால், நம் மொழி ஒன்பது சொற்களால் காத்துவந்த வேறுபாடு நமக்கே விளங்குகின்றது. அதனைக் காத்தல் பெயர்ப்பாளர் கடன்.